முழுச் சேதம், வரிசை எண் ஒன்று

அந்த ஆண்டு புவெர்த்தோ லினாவ் ஊரில் யாரும் செய்யாத தப்பு ஒன்றைப் படகுத் தச்சர் ருஃபினோ தபுசோ செய்தார். புயலில் பறந்த கூரையை நாலே நாளில் திரும்பப் போட்டுவிட்டார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கை சும்மா இருக்காத மனிதர். செப்டம்பர் கடைசியில் சிமாங் புயல் வந்து அவர் வீட்டுக் கூரையை முழுசாகவும் தெற்குச் சுவரைப் பாதியாகவும் எடுத்துக்கொண்டு போயிற்று. ஊரில் மற்றவர்கள் வாசலில் உட்கார்ந்து, காணாமல் போன பன்றிகளைப் பற்றி ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ருஃபினோ அதற்குள் மூங்கில் வெட்டி, நிப்பா ஓலை முடைந்து, கரையில் ஒதுங்கிய படகுப் பலகையை வைத்துச் சுவரையும் அடைத்துவிட்டார். மனைவி நிதா தையல் மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு, பள்ளிச் சீருடைகளைத் தைக்க உட்கார்ந்துவிட்டாள்.

புயல்களுக்குப் பெண்களின் செல்லப் பெயரை அகர வரிசையில் வைப்பது மணிலாவில் இருப்பவர்களின் வழக்கம். வழக்கமான ஆண்டில் வரிசை பாதிக்கு மேல் போகாது. அந்த ஆண்டு செப்டம்பருக்குள்ளேயே முக்கால்வாசி தீர்ந்திருந்தது. சந்தையில் மீன் விற்கும் சிமாங்கிடம் நாலு நாளாக யாரும் பேரம் பேசவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் குழு வந்தது. அதன் முழுப்பெயர் புயல் சேத மதிப்பீடு, சரிபார்ப்பு மற்றும் மறுசரிபார்ப்புக் குழு. ஏழு உறுப்பினர்கள். தலைவர் நகராட்சிச் செயலாளர் அப்போலோனியோ வெர்கரா. ஊரில் அவரை எல்லாரும் செக்ரட்டரி என்றுதான் சொல்வார்கள். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும் கறுப்புக் குடையுமாக, அவர் சேற்றில் பலகை போடச் சொல்லி, பலகை பலகையாக நடந்து வந்தார்.

வீட்டைப் பார்த்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். திரும்ப வீட்டைப் பார்த்தார்.

"இது யாரு வீடு?"

"என் வீடுதான் சார்," என்றார் ருஃபினோ.

"இருக்க முடியாதே. உன் வீடு முழுச் சேதம். வரிசை எண் ஒன்று."

"சேதமாத்தான் சார் இருந்துச்சு. நான் சரி பண்ணிட்டேன்."

"யாரைக் கேட்டு?"

ருஃபினோ கொஞ்சம் யோசித்தார். "நிதாவைக் கேட்டேன் சார்."

குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விஷயம் இதுதான். புயல் அடித்த மறுநாளே குழு பட்டியலை முடித்துவிட்டது. சேறு காயாததால் யாரும் தெருவில் இறங்கவில்லை. நகராட்சி மாடி ஜன்னலில் நின்று, தொலைநோக்கி வைத்து எழுதினார்கள். ஜன்னலுக்கு நேர் எதிரே முதலில் தெரிந்தது ருஃபினோ வீடு. அது எண் ஒன்று ஆயிற்று. இருநூற்றுப் பதினான்கோடு ஜன்னல் முடிந்தது, பட்டியலும் முடிந்தது.

"ருஃபினோ, எனக்கு உன் மேல கோபம் கிடையாது," என்று செக்ரட்டரி குடையை ஊன்றிக்கொண்டு தொடங்கினார். "ஆனா நீ நிதானமா யோசிச்சுப் பாரு. பட்டியல் கப்பலேறி மணிலாவுக்குப் போயாச்சு. அதுல ஏழு கையெழுத்து இருக்கு, நாலு முத்திரை இருக்கு. முத்திரை குத்தின தாள் பொய் சொல்லாது. அப்ப இங்க பொய் சொல்றது யாரு?"

"தெரியலையே சார்."

"உன் வீடு."

ருஃபினோ திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார். அது ஒன்றும் சொல்லவில்லை.

"செவ்வாய்க்கிழமை மணிலாவுல இருந்து துணைச் செயலர் வர்றார். அவருக்கு ஊர் ஊராப் போகணும், நேரம் இல்லை. எண் ஒன்றை மட்டும் பார்ப்பார். ஒண்ணு சரியா இருந்தா மிச்சம் எல்லாம் சரி. ஒண்ணு தப்பா இருந்தா பட்டியலே ரத்து. இருநூத்துப் பதினாலு வீட்டுக்கு வர வேண்டிய கூரைத் தகரம் கப்பல்லயே திரும்பிப் போகும். வீட்டுக்குப் பன்னெண்டு தகரம்! உன் ஒரு ஆளோட அவசரத்தால ஊரே நனையணுமா?"

அதற்குள் வேலிக்கு வெளியே ஊர் கூடிவிட்டது. எல்லாரும் ருஃபினோவின் கூரையை, தங்கள் வீட்டு அண்டாவைத் திருடி வைத்திருப்பவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

"என்ன சார் செய்யணும்?" என்று கேட்டார் ருஃபினோ.

"கழட்டிடு."

நிதா மெஷினை நிறுத்தினாள். "இத்தனை நாள் புயல்தான் கூரையைப் பிடுங்கும்னு நெனச்சேன்," என்றாள்.

ருஃபினோ ஒரே நாளில் கழற்றினார். நல்ல வேலைக்காரர் ஆனதால் ஓலையைத் தனியாக, மூங்கிலைத் தனியாக, கட்டுக் கயிற்றைச் சுருளாக அடுக்கி வைத்தார். மறுநாள் குழு வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டது.

"காத்து இப்படி அடுக்கி வைக்குமா?" என்றார் செக்ரட்டரி. "கலைச்சுப் போடு. கொஞ்சம் ஆத்திரத்தோட போடு."

ருஃபினோவுக்கு ஆத்திரத்தோடு பொருள் போட வராது. நிதா வந்து போட்டாள். அவள் எறிந்த மூங்கில் ஒன்று செக்ரட்டரியின் குடை அருகே விழுந்தது. "இது! இதுதான் இயல்பா இருக்கு," என்று அவர் பாராட்டினார்.

செவ்வாய்க்கிழமை துணைச் செயலர் வரவில்லை. தெசாங் வந்தாள்.

தெசாங், சிமாங்கை விடக் கொஞ்சம் சின்னப் புயல். ஆனால் அவிழ்த்துப் போட்ட ஓலையும் மூங்கிலும் அவளுக்கு வசதியாகப் போயிற்று. எல்லாவற்றையும் வாரிக் கடலில் போட்டுவிட்டு, சிமாங் விட்டுவைத்திருந்த வடக்குச் சுவரையும் தள்ளிவிட்டுப் போனாள். ருஃபினோவும் நிதாவும் மாதா கோவிலில் ஒதுங்கியிருந்து திரும்பி வந்தபோது, வீடு என்று நாலு கம்பங்கள் நின்றன.

ருஃபினோவுக்கு வருத்தமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. இனி யாரும் குறை சொல்ல முடியாது. நேரே நகராட்சிக்குப் போனார்.

"சார், இப்ப உண்மையாவே முழுச் சேதம். வந்து பாக்கலாம்."

செக்ரட்டரி வந்து பார்த்தார். முகம் இருண்டது.

"வடக்குச் சுவர் எங்க?"

"தெசாங் தள்ளிட்டுப் போயிட்டா சார்."

"அதான் சிக்கல்." அவர் தாளைப் பிரித்துப் படித்தார். "'கூரை இல்லை. தெற்குச் சுவர் பாதி. வடக்குச் சுவர் உள்ளது, இடப்பக்கம் சாய்ந்த நிலையில்.' இது சிமாங்கோட சேதம். தகரம் வர்றது சிமாங்குக்காக. தெசாங்குக்கு இன்னும் நிதி ஒதுக்கல. ரெண்டையும் கலந்தா, சிமாங் எது, தெசாங் எதுன்னு மணிலாவுல எப்படித் தெரியும்? ஒரு புயலோட வேலையை இன்னொரு புயல் மேல எழுதறது மோசடி, ருஃபினோ."

"அப்ப?"

"சுவரைக் கட்டு. கூரை போடாத. தெற்குச் சுவரை முழுசா கட்டிடாத, பாதி. வடக்குச் சுவர் சாயணும்."

"எவ்வளவு சாயணும் சார்?"

செக்ரட்டரி குழுவினரைக் கலந்தாலோசித்தார். அதில் ஒருவர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். தொலைநோக்கியில் பார்த்த ஞாபகத்தை வைத்துப் பதினோரு பாகை என்றார்.

இருபத்தாறு ஆண்டுகள் மரவேலை செய்த ருஃபினோ, வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பொருளைக் கோணலாகச் செய்தார். கை கேட்கவில்லை. இரண்டு முறை தன்னை அறியாமல் நேராகவே கட்டிவிட்டார். பிரித்து மறுபடி கட்டினார். ஊர்க்காரர்கள் வேலை வெட்டியை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். "இன்னும் கொஞ்சம் சாயட்டும் மனோய் பினோ," என்று அண்ணன் முறை வைத்து யோசனை சொன்னார்கள். மூன்றாம் நாள் சுவர் பதினோரு பாகை சாய்ந்து நின்றது. அப்படிச் சாய்ந்து நிற்க உள்ளே என்னென்ன முட்டுக் கொடுத்திருந்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். யானை மோதினாலும் அது விழாது.

குழு அளந்து பார்த்துத் திருப்திப்பட்டது. யாரும் அவசரப்பட்டு எதையும் சரி பண்ணிவிடாதபடி ஒரு காவலரும் போடப்பட்டார். அவர் மெல்கியோர். ருஃபினோவின் சொந்த கும்பாரே. மெல்கியோரின் மூத்த பிள்ளைக்கு ஞானஸ்நானத் தகப்பன் ருஃபினோதான்; அந்த முறையில் ஒருவரை ஒருவர் 'பாரே' என்பார்கள்.

"மன்னிச்சுக்கோ பாரே," என்றார் மெல்கியோர், கூரையில்லாத வீட்டுக்குள் குடையோடு உட்கார்ந்து. "நீ சுத்தியல எடுத்தா உன்னைப் பிடிக்கணும்னு உத்தரவு."

"நான் எடுக்கல பாரே. சர்க்கரைவள்ளிக் கிழங்கு சாப்பிடுறியா?"

"குடு."

மழை கிழங்கின் மேலும் பெய்தது, மெஷினின் மேலும் பெய்தது. நிதா போர்த்தியிருந்த தார்ப்பாயில் ஊசி ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி, சக்கரத்தில் துரு ஏறத் தொடங்கிற்று. அதைப் பார்த்த அன்று அவள் துணிகளை மூட்டை கட்டினாள்.

"எங்க போற?" என்றார் ருஃபினோ.

"அக்கா வீட்டுக்கு. மலைப்பக்கம். அங்க கூரை இருக்கு. ஏன்னா அங்க குழு இல்ல."

"துணைச் செயலர் அடுத்த வாரம் வந்துடுவார் நிதா. பன்னெண்டு தகரம்..."

"பினோ, நான் உன்னைக் கட்டிக்கிட்டப்ப என் அம்மா கேட்டாங்க, அவன்கிட்ட என்ன இருக்குன்னு. நான் சொன்னேன், அவனுக்குக் கை இருக்குன்னு. இப்ப அந்தக் கையை வெச்சுக்கிட்டுக் கோணச் சுவர் கட்டிட்டு உக்காந்திருக்க." அவள் மெஷினை எருமை வண்டியில் ஏற்றினாள். "கூரை வந்த அன்னைக்கு ஆள் அனுப்பு. சாய்மானம் எவ்வளவுன்னு சொல்லி அனுப்பாத."

அவள் போன பிறகு ருஃபினோ நனைந்தபடி கோணச் சுவரோரம் உட்கார்ந்தார். மெல்கியோர் தன் குடையை அவர் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்திப் பிடித்தார். அது உத்தரவில் இல்லை.

அக்டோபர் நடுவில் உர்சிங் வந்தாள்.

அவளுக்கு முன்னால் வந்தவர்கள் ஒத்திகை பார்த்தவர்கள். ஊர் முழுக்க மாதா கோவில் கற்சுவருக்குள் ஒடுங்கிக் கிடந்தது. காற்று ஓய்ந்து வெளியே வந்தபோது தென்னைகளுக்குத் தலை இல்லை. நகராட்சிக்குக் கூரை இல்லை, மாடியே இல்லை. ஜன்னல் மட்டும் ஒரு சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கோவிலைத் தவிர ஊரில் கூரை என்று சொல்ல ஒன்றுகூட இல்லை.

"பாரே," என்றார் மெல்கியோர் மெதுவாக. "உன் வீட்டைப் பாரு."

ருஃபினோ பார்த்தார். அவர் வீட்டின் நாலு கம்பங்கள் மேலும் கோணச் சுவர் மேலும் பளபளவென்று ஒரு தகரக் கூரை உட்கார்ந்திருந்தது. நகராட்சிக்குப் பின்னால் போன ஆண்டு கட்டிய குழுவின் கிடங்குக் கூரை அது. மரச்சட்டத்தோடு அப்படியே கழன்று, தெருவைத் தாண்டிப் பறந்து, தொப்பியைத் தலையில் வைத்ததுபோல இங்கே இறங்கியிருந்தது. கொஞ்சம் சாய்ந்துதான் இறங்கியது. ஆனால் சுவரும் சாய்ந்திருந்ததால் பொருந்திவிட்டது. விமானத்திலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்று அதன் மேல் வெள்ளைச் சாயத்தில் ஆளுயர எழுத்தில் குழுவின் பெயர் எழுதியிருந்தது.

செக்ரட்டரி வந்து சேர்ந்தார். குடை இல்லை. சட்டையில் முதல்முறையாக மடிப்பும் இல்லை. ஆனால் தாள் இருந்தது.

"கூரை போட்டிருக்க!" என்றார்.

"நான் போடல சார். அதுவா வந்துச்சு."

"அதுவாவா? மெல்கியோர், நீ காவல்தானே இருந்த?"

"கோவில்ல இருந்தேன் சார். இவரும் என்கூடத்தான் இருந்தார்."

"அப்ப இது அரசாங்கச் சொத்தை அனுமதியில்லாம வெச்சுக்கிட்ட குற்றம். உடனே திருப்பி ஒப்படைச்சுடு."

"எங்க சார் ஒப்படைக்க? கிடங்கே இல்லையே."

செக்ரட்டரி தெருவைத் திரும்பிப் பார்த்தார். அது உண்மை. அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஒரு சிறு குழந்தையின் திகைப்பு வந்து போனதை ருஃபினோ கவனித்தார். பாவமாக இருந்தது. ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார்," என்றார்.

அவர் உட்காரவில்லை. மேலே சத்தம் கேட்டது. ஹெலிகாப்டர்.

துணைச் செயலர் மேலிருந்து பார்த்திருக்கிறார். கற்கோவிலைத் தவிர ஊர் முழுவதும் தட்டையாகக் கிடக்க, நடுவில் ஒரே ஒரு கூரை, அதில் குழுவின் பெயர். கடற்கரையில் இறங்கி, புகைப்படக்காரரோடு நேரே ருஃபினோ வீட்டுக்குள் நுழைந்தார்.

"அற்புதம்!" என்றார். உள்ளே இருந்த ஒரே இருக்கையான பெட்டியில் உட்கார்ந்தார். "பதினேழு ஊர் பாத்துட்டு வர்றேன். எல்லா ஊர்லயும் மக்களுக்குச் சேதம், அலுவலகத்துக்கும் சேதம். அலுவலகமே போயிட்டா மக்களோட சேதத்தை யார் எழுதறது? எழுதாத சேதம் சேதமா? இங்கதான் முன்னுரிமை எதுக்குக் குடுக்கணும்னு புரிஞ்சவங்க இருக்கீங்க. ஊரே போனாலும் குழு நிக்குது!"

செக்ரட்டரி கையிலிருந்த தாளை மெல்ல மடித்தார்.

"இந்தச் சுவர் ஏன் சாய்ஞ்சிருக்கு?"

"பதினோரு பாகை சார்," என்றார் கணக்கு வாத்தியார், வேறு எதுவும் தோன்றாமல்.

"காற்றைச் சாய்ந்து எதிர்க்கும் அமைப்பு! எழுதிக்கோங்க." பக்கத்தில் இருந்தவர் எழுதிக்கொண்டார். துணைச் செயலர் ருஃபினோவைப் பார்த்தார். "இவர் யாரு?"

"எங்க... தச்சர் சார்," என்றார் செக்ரட்டரி.

"நல்லது. இந்த அலுவலகத்தை நாட்டுக்கே மாதிரி அலுவலகமா அறிவிக்கிறேன். இதுக்கு ஒரு கீறல்கூட விழக் கூடாது. விழுந்தா நீங்கதான் பொறுப்பு." சுவர்மேல் கைவைத்துப் படம் எடுத்துக்கொண்டார். மொத்தம் ஒன்பது நிமிடம். எண் ஒன்று எங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் குழு குடிவந்தது. மேசை, தட்டச்சு இயந்திரம், கொடி, ஏழு நாற்காலி, உலராத கோப்புகள். நிதா கேட்டபடி ருஃபினோ ஆள் அனுப்பினார். நிதா மெஷினோடு வந்து இறங்கி, வாசலில் நின்று கூரையைப் பார்த்தாள். உள்ளே பார்த்தாள்.

"கூரை வந்துச்சுன்னு சொல்லி அனுப்பினியே. கூடவே இதுங்களும் வந்துச்சுன்னு சொல்லலையே."

"அதுங்களுக்கும் வேற இடம் இல்ல நிதா."

அவள் யோசித்தாள். பிறகு மேசையைக் காலால் ஓரமாகத் தள்ளி, வெளிச்சம் படும் நடு இடத்தில் மெஷினை வைத்தாள். "செருப்பைக் கழட்டிட்டு வாங்க எல்லாரும்," என்றாள். குழு கழற்றியது.

ஊருக்குத்தான் வேலை கூடியது. சிமாங், தெசாங், உர்சிங் மூன்று பேருடைய சேதத்தையும் பிரிக்கும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது என்று குழு தீர்மானம் போட்டது. வீட்டைச் சரி பண்ண அனுமதிச் சீட்டு வேண்டும். அதில் ஏழு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு வாரத்தில் ஒரு சீட்டிலும் ஐந்து கையெழுத்துக்கு மேல் சேரவில்லை. மக்கள் கிழிந்த பாய்க்கு அடியில் படுத்துக்கொண்டு, பகலில் ருஃபினோ வாசலில் வரிசையில் நின்றார்கள். கடல் ஒதுக்கிய மூங்கிலும் பலகையும் கரையில் மலையாகக் கிடந்தன. தகரக் கப்பலைப் பற்றி யாருக்கும் தகவல் இல்லை.

நவம்பரில் ஒரு காலை, வானொலியில் வெலிங் என்று ஒரு பெயர் சொன்னார்கள். வரிசையில் அதற்கு மேல் அதிகம் பெயர் இல்லை.

ஊர் கோவிலுக்குப் போயிற்று. நிதா மெஷினைத் துணியால் சுற்றினாள். செக்ரட்டரி மட்டும் அசையவில்லை.

"வாங்க சார், போகலாம்," என்றார் ருஃபினோ.

"எப்படி வர்றது? கீறல் விழக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கார். கூரை போனா ஏழு பேருக்கும் வேலை போகும்." அவர் சுவரைக் கையால் தாங்கிப் பிடித்தார். "ருஃபினோ, நீ தச்சன். இதைக் கட்டி வைக்க முடியாதா?"

ருஃபினோவிடம் ஒரு மாதத்தில் முதல்முறையாக யாரோ அவருடைய தொழிலைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள். அவர் கூரையைச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, அபாக்கா நார்க் கயிறுகளைக் கொண்டுவந்தார்.

"கட்டிப் போட்டா அறுந்துடும் சார். பாய்மரக் கயிறு மாதிரிப் பிடிக்கணும். காத்து இழுக்கறப்ப கொஞ்சம் விடணும், நிக்கறப்ப இழுக்கணும். கயிறை உத்தரத்துல சுத்தி விட்டுடறேன். ஆனா அதுக்குக் கை வேணும்."

"எத்தனை கை?"

"இருக்கற எல்லாம்."

ஏழு உறுப்பினர்கள், மெல்கியோர், ருஃபினோ. நிதாவும் போகவில்லை. "என் மெஷினை விட்டுட்டா?" என்றாள்.

ஒன்பது மணிக்கு வெலிங் வந்தாள். கூரை மூச்சு விடுவதுபோல எழுந்தது. ஏழு கயிறுகளும் கைகளைச் சீவிக்கொண்டு ஓடின. "விடு! விடு! இப்ப இழு!" என்று ருஃபினோ கத்தினார். படகில் நிற்கும்போது மட்டும் வரும் குரல் அது. குழு இழுத்தது. கணக்கு வாத்தியார் தரையை விட்டு ஒரு முழம் மேலே போய் இறங்கினார். கோப்புகள் ஒவ்வொன்றாகக் கதவு வழியே பறந்து கடலைச் சரிபார்க்கப் போயின. யாரும் அவற்றைத் துரத்தவில்லை. கயிறை விட முடியாதே.

நடுவில் கொஞ்ச நேரம் எல்லாம் அமைதியாயிற்று. வெயில்கூட வந்தது. செக்ரட்டரி மூச்சு வாங்கினார். கயிற்றைப் பிடித்தபடியே, "நண்பர்களே," என்று தொடங்கினார். "இந்த வரலாற்றுச் சிறப்புமிக்க வேளையில் நமது குழு..."

"பேசாதீங்க சார்," என்றாள் நிதா. ஒவ்வொருவர் வாயிலும் இஞ்சித் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். "அவ கண்ணு கடந்து போகுது. இன்னொரு பக்கம் இப்ப அடிக்கும். காலை அகட்டி நில்லுங்க."

செக்ரட்டரி காலை அகட்டி நின்றார். அடித்தது. மூன்று மணி நேரம் அடித்தது.

கடைசியில் காற்று ஓய்ந்தபோது, யாராலும் விரலைப் பிரிக்க முடியவில்லை. ருஃபினோ ஒவ்வொருவராக விரல் விரலாகப் பிரித்துவிட்டார். மேலே கூரை அப்படியே இருந்தது. ஒரு தகரம்கூட நகரவில்லை. செக்ரட்டரி தரையில் உட்கார்ந்து அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிடிச்சுட்டோம் இல்ல ருஃபினோ?" என்றார்.

"பிடிச்சுட்டீங்க சார்."

அவர் கண் கலங்கிற்று. அவருடைய பதவிக்காலத்தில் ஒரு காரியம் நடந்து முடிந்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ருஃபினோவுக்கும் மெல்கியோருக்கும் காய்த்துப்போன கை, ஒன்றும் ஆகவில்லை. சுகாதார நிலைய நர்ஸ் வந்து குழுவினர் ஏழு பேருடைய கைகளையும் பார்த்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்து, விரல்கள் வாழைப்பூ நிறத்தில் வீங்கியிருந்தன. நிதாவின் சீருடைத் துணித் துண்டுகளால் பந்து பந்தாகச் சுற்றிக் கட்டிவிட்டு, பதினைந்து நாள் பேனா தொடக் கூடாது என்றாள். பெருவிரலும் கட்டுக்குள் இருந்ததால் ரேகைக்கும் வழியில்லை.

மறுநாள் காலை வரிசையில் முதல் ஆளாக மீன்காரி சிமாங் நின்றாள்.

"என் சீட்டு என்னாச்சு சார்?"

செக்ரட்டரி இரண்டு துணிப்பந்துகளையும் தூக்கிக் காட்டினார். "அனுமதி குடுக்க முடியாது மனாய்," என்று அக்கா முறை வைத்துச் சொன்னார்.

"அப்ப மறுக்கிறீங்களா?"

"மறுக்கவும் முடியாது. மறுக்கறதுக்கும் ஏழு கையெழுத்து வேணும்."

சிமாங் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். அவள் முகத்தில் ஏதோ மெதுவாக விடிந்தது. "மறுக்கலையே?" என்று இன்னொரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டு, விடுவிடுவென்று கடற்கரைப் பக்கம் நடந்தாள். வரிசை ஒரு கணம் யோசித்தது. பிறகு வரிசையாகவே அவள் பின்னால் போயிற்று.

பதினைந்து நாளும் ஊரில் சுத்தியல் சத்தம் ஓயவில்லை. ருஃபினோ வீட்டுக்கு வீடு போய்ச் சட்டம் நிறுத்தினார். எல்லாச் சுவரும் நேராக நின்றது. மெல்கியோர் தொப்பியைக் கழற்றிவைத்துவிட்டு ஓலை தூக்கினார். கட்டுப்போட்ட கைகளோடு குழு, ருஃபினோ வீட்டில் உட்கார்ந்திருந்தது. நிதா அவர்களுக்குக் கஞ்சியும் கருவாடும் ஊட்டிவிட்டாள். ஊட்டும்போது அவர்கள் சமர்த்தாகத்தான் இருந்தார்கள்.

பதினாறாம் நாள் கட்டு அவிழ்ந்தது. செக்ரட்டரி விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்து, பேனாவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். வரிசை இல்லை. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். எல்லா வீட்டுக்கும் கூரை இருந்தது. திண்டாடும் முகம் ஒன்று தெருவில் இல்லை. அவர் வெகுநேரம் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டே நின்றார்.

ருஃபினோவுக்குத் தாங்கவில்லை. உள்ளே போய் ஒரு தாளைத் தேடி எடுத்து வந்தார்.

"சார், கொல்லையில கோழிக்கூடு. மேல் ஓலை போயிடுச்சு. சரி பண்ண அனுமதி வேணும்."

நிதா மெஷினிலிருந்து நிமிர்ந்தாள். "பினோ! உனக்குப் பைத்தியமா? தூங்கறவரைத் தட்டி எழுப்புற?"

"நம்ம கூரையைப் பிடிச்ச கை நிதா," என்றார் ருஃபினோ தணிந்த குரலில்.

அதற்குள் செக்ரட்டரியின் முதுகு நிமிர்ந்துவிட்டது. கன்னத்தில் ரத்தம் ஏறிவிட்டது. "அஞ்சு பிரதி வேணும்," என்றார். "கோழிகளைத் தனித்தனியா எழுதணும். அதுவரைக்கும் ஒரு ஓலைகூட யாரும் தொடக் கூடாது, சொல்லிட்டேன்."

விண்ணப்பம் முறைப்படி பதிவு செய்யப்பட்டு, மேசை மேல் 'வந்தவை' என்று எழுதிய மரத்தட்டில் வைக்கப்பட்டது. கூரையில்லாத சாம்பல் நிறப் பெட்டை ஒன்று, அன்று மதியமே உள்ளே வந்து அந்தத் தட்டைச் சுற்றிப் பார்த்தது. காகிதம் மெத்தென்று இருக்கவே ஏறி உட்கார்ந்தது. மாலைக்குள் முட்டையிட்டு, வாரம் முடிவதற்குள் அடையும் படுத்துவிட்டது. அடைகாக்கும் கோழியை எழுப்பிக் கோப்பை எடுக்கலாமா கூடாதா என்று விதிப் புத்தகத்தில் எங்கும் சொல்லவில்லை. குழு கூடி விவாதித்து, குஞ்சு பொரிய ஆகும் இருபத்தொரு நாளும் பொறுப்பது என்று ஏழு கையெழுத்தும் ஒரே நாளில் போட்டு ஒருமனதாக முடிவு செய்தது.